சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

வேலை மாற்றலில் சேலம் வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், மூட்டுவலி உள்ள அம்மா. இதுவரை மூன்று தடவை ஏற்காடு போயிருக்கிறீர்கள். மூன்று தடவையும் மலைப்பாதையில் நெரிசல், படகுக்கு நீண்ட வரிசை, எல்லா பாயிண்டும் பார்த்து முடிப்பதற்குள் இருட்டு. திங்கட்கிழமை வேலைக்குப் போகவே உடம்பு வரவில்லை. "சேலத்தில் வேறு இடமே இல்லையா?" என்பது உங்கள் கேள்வி.

இடம் இருக்கிறது, அதுவும் வீட்டுப் பக்கத்திலேயே. சேலம் மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. மொட்டை மாடியில் ஏறி நின்று ஒரு சுற்று சுற்றினால் நான்கு பக்கமும் மலைதான் தெரியும். நான் அஸ்தம்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். முப்பது வருஷமாக இந்த மலைகளையும் ஏரிகளையும் சுற்றி வருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரே நாளில் பத்து இடம் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். பக்கத்தில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். மலைக்கு மாதம் ஒரு தடவை போனால் போதும்.

அந்த ஒரு இடம் எது என்று கேட்டால், நான் மூக்கனேரி என்பேன். கன்னங்குறிச்சியில் இருக்கிறது. கிட்டத்தட்ட 58 ஏக்கர். சேர்வராயன் மலையின் தெற்குச் சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிப் புது ஏரியில் சேரும், அது நிரம்பி வழிந்தால் மூக்கனேரிக்கு வரும். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் ஒன்று சேர்ந்து இதைத் தூர்வாரினார்கள். எடுத்த வண்டலை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் ஏரிக்குள்ளேயே மண் திட்டுகளாகக் குவித்து, அவற்றின்மேல் மரக்கன்று நட்டார்கள். நாலு பக்கமும் தண்ணீர் இருப்பதால் ஆளோ நாயோ அங்கே எளிதில் போக முடியாது. பறவைகளுக்கு அது போதுமே. திட்டுகளில் வந்து அடைய ஆரம்பித்தன.

காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். ஆறரை என்றால்கூடக் கொஞ்சம் தாமதம்தான். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. முதல் நாள் பிள்ளைகளுக்கு இரண்டே இரண்டு பறவைகளைக் காட்டுங்கள். ஒன்று மடையான். கரையோரச் சேற்றில், புல்லுக்குள், மண் நிறத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பத்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நாம் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்ததும் சட்டென்று எழும்பும். அப்போது பார்த்தால் இறக்கை முழுக்கப் பால் வெள்ளை. பழுப்பாக உட்கார்ந்த பறவை வெள்ளையாகப் பறந்து போகும். என் தங்கை மகன் நாலு வயதில் முதல் முறை இதைப் பார்த்துவிட்டு, "மாமா, அது சட்டை மாத்திருச்சு" என்றான். அன்று முழுக்கக் கரையில் ஒவ்வொரு புல் கொத்தாக மடையானைத் தேடிக்கொண்டு நடந்தான்.

இன்னொன்று நீர்க்காகம். தண்ணீருக்குள் முங்கி மீன் பிடித்துவிட்டு வெளியே வந்து, பட்டுப்போன கிளையிலோ கல்லிலோ நின்று இரண்டு இறக்கையையும் அகல விரித்து வைத்துக்கொள்ளும். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனையும். நனைந்தால் கனம் கூடும், கனம் கூடினால் ஆழத்தில் முங்குவது சுலபம். அதற்கு விலையாக ஒவ்வொரு தடவையும் வெயிலில் நின்று காய வேண்டியிருக்கிறது. உங்கள் மகளுக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அந்தக் கோலத்தை வரையச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவளே "ஏரிக்குப் போகலாம்" என்று கிளப்புவாள். மூன்றாவது வாரம் முக்குளிப்பான், நாலாவது வாரம் மீன்கொத்தி என்று தானாகப் பட்டியல் நீளும். பறவை அறிஞர் சலீம் அலி காலத்திலிருந்து இன்றுவரை பறவை பார்ப்பவர்கள் செய்வது இதுதான்: ஒரு இடம், ஒரு நோட்டு, வருஷம் முழுக்க.

அம்மாவுக்கும் இது சரிப்படும். கரையில் மேடு பள்ளம் குறைவு. முடிந்த தூரம் நடந்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். அதற்குள் வீடு திரும்பி இட்லி சாப்பிட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமையின் மிச்ச நேரம் முழுக்க உங்கள் கையில். செலவு பெட்ரோல் மட்டும்தான்.

சாயங்காலத்துக்கு உங்கள் வார்டில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காவே போதும். பெரிதாக அழகு எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், நாலு வேப்ப மரம், நடைபாதை. ஐந்து வயதுப் பையனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவனுக்கு அங்கே கூட்டாளிகள் கிடைப்பார்கள், அம்மாவுக்குப் பேச்சுத் துணை கிடைக்கும். புது ஊரில் இந்த இரண்டும் சாதாரணமா? திரும்பும் வழியில் தட்டுவடை செட் சாப்பிடுங்கள். எட்டு மாதமாக இங்கே இருக்கிறீர்கள், இதற்குள் பழகியிருக்கும். நடப்பதற்கும் ஓடுவதற்கும் காந்தி ஸ்டேடியம் இருக்கிறது. அதிகாலையில் அங்கே ஒரு பெரிய கூட்டமே நடைபோடும்.

அடுத்து, மலையடிவாரம். குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்கா சேர்வராயன் அடிவாரக் காட்டை ஒட்டி இருக்கிறது, ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். வனத்துறை நடத்துகிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைக் கவனத்தில் வையுங்கள். வண்டலூர் மாதிரி சிங்கம் புலி தேடிக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். புள்ளிமான், கடமான், முதலை, ஆமை, மயில், இன்னும் சில பறவைகள். ஆனால் இடம் நிழலானது, நடக்க இதமானது. ஒன்பது மணி வாக்கில் உள்ளே போனால் விலங்குகளும் நடமாட்டத்தில் இருக்கும். மதியத்தில் எல்லாம் நிழலில் படுத்துவிடும். கூண்டுக்கு வெளியேயும் பாருங்கள். அங்கே இருப்பது உண்மையான காடு. இலையுதிர்க் காட்டு மரங்கள் மாசியில் எப்படி இருக்கின்றன, ஆடியில் எப்படி இருக்கின்றன என்று வருஷத்தில் இரண்டு தடவை பார்த்தாலே போதும்.

இனி ஏற்காடு. "ஏற்காடே போகாதீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. சித்திரை வெயிலில் சேலம் கொதிக்கும்போது முப்பது கிலோமீட்டரில் 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு மலை இருப்பது கொடுப்பினை. ஆனால் போகும் விதத்தை மாற்ற வேண்டும்.

முதலில் நேரம். அடிவாரத்தை ஆறரைக்குள் தாண்டிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் அப்போது உங்களுக்குத்தான். ஏழு, ஏழரைக்கு மேலே இருப்பீர்கள். பதினொரு மணிக்கு வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி ஏறும்போது நீங்கள் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். இறங்கும்போது நேரே அடிவாரத்துக்கு வராமல் கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக வந்து பாருங்கள். தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் வண்டி குறைவு, வழியெல்லாம் காபித் தோட்டம். மே மாதம் கோடை விழா மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் போலீசாரே ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று பிரித்து விடுவார்கள். அந்த நாட்களில் கூட்டம் பிடிக்காதவர்கள் மலைக்கே போகாமல் இருப்பது நல்லது.

வண்டி ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போகும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழி விடுங்கள். வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், தயவுசெய்து ஒன்றும் போடாதீர்கள். தின்பண்டம் கிடைக்கிறது என்றுதான் அவை காட்டை விட்டுவிட்டு ரோட்டுக்கு வருகின்றன. வந்து சக்கரத்தில் அடிபடுகின்றன. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு அடிபட்டுக் கிடந்த ஒரு தாய்க் குரங்கை ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் பார்த்த பிறகு, என் வண்டியில் ஏறும் யாரையும் ஒரு கடலைகூட வெளியே போட நான் விடுவதில்லை.

மேலே போனதும் ஒரு தடவைக்கு ஒரு இடம், அதிகம் போனால் இரண்டு. உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது தேசிய ஆர்க்கிட் பூங்கா. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல் தொடங்கியது. படகுத்துறையில் வரிசை கட்டி நிற்பவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை, எனக்கு அது வருத்தம்தான். அங்கே குடுவைத் தாவரம் இருக்கிறது. மேகாலயாவின் காசி மலைப் பக்கத்துச் செடி. பிள்ளைகளைக் கிட்டே நிறுத்திக் காட்டுங்கள். தொட வேண்டாம். இலையின் நுனி ஒரு கொடிபோல் நீண்டு, அதன் முனை வீங்கிக் குடமாகத் தொங்கும். மேலே ஒரு மூடி. குடத்தின் விளிம்பில் இனிப்பு நீர் சுரக்கும். அதை நக்க வரும் எறும்போ ஈயோ விளிம்பில் வழுக்கி உள்ளே விழுந்தால், உள்சுவர் மழமழவென்று இருப்பதால் ஏறி வர முடியாது. அடியில் இருக்கும் திரவம் அதைக் கரைத்துச் செடிக்கு உணவாக்கிவிடும். சத்தில்லாத மண்ணில் வளரும் செடி, தனக்கு வேண்டியதை இப்படிச் சம்பாதித்துக்கொள்கிறது. உங்கள் மகன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இதையே பேசுவான்.

ஆர்க்கிட்டையும் கொஞ்சம் நின்று பாருங்கள். மரத்தில் ஒட்டி வளர்வதால் புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றைக் குடிக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குடிப்பதில்லை, உட்கார இடம் மட்டும்தான் வேண்டும் அதற்கு. வேரின்மேல் வெண்மையான ஒரு தோல் இருக்கும். அது பஞ்சுபோல மழையையும் பனியையும் உறிஞ்சிக்கொள்ளும். வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரத்தைப் பற்றியும் அங்கே கேளுங்கள். இந்த மலையின் பெயரையே தாங்கிய, இந்த மலைக்கே உரிய மரம்.

அடுத்த மாதம் சேர்வராயன் கோயில். மலையின் உச்சி அதுதான், 5,326 அடி. கோயில் ஒரு குகை, குனிந்து உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் குலசாமி. மே மாதத்தில் அவர்கள் எடுக்கும் திருவிழா பெரிது. கோயிலுக்கு வெளியே பரந்த மேட்டு நிலம், காற்று ஆளைத் தள்ளும். பட்டம் கொண்டு போங்கள். நடக்க முடியாதவர்கள்கூடக் காரிலிருந்து இறங்கி அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் உட்காரலாம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது கோயில், நமக்குத்தான் சுற்றுலா. செருப்பு, சத்தம், போட்டோ எல்லாவற்றிலும் அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நாகலூர் வழியாகத் தோட்டங்களைச் சுற்றி வரும் லூப் ரோடு இருக்கிறது, 32 கிலோமீட்டர். கார் ஓட்டுவதையே ரசிப்பவர்களுக்கு அது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழே காபிச் செடி. மாசி, பங்குனியில் ஒரு நல்ல கோடை மழை பெய்தால் தேதியைக் குறித்து வையுங்கள். ஏழெட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் காபிப் பூ பூக்கும். கிளை நீளத்துக்கும் கொத்துக் கொத்தாக வெள்ளை, கிட்டத்தட்ட மல்லிகை வாசம். மூன்று நாலு நாள்தான், அப்புறம் வாடிக் கொட்டிவிடும். இதற்காக மட்டுமே நான் வருஷா வருஷம் மலையேறுகிறேன். இரண்டு வருஷம் தவறவிட்டிருக்கிறேன், மழையைக் கவனிக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்ததால். தோட்டம் தனியார் சொத்து. ரோட்டில் நின்றே பார்க்கலாம், வாசமும் ரோடுவரை வரும். பொழுது சாயும் நேரத்தில் தோட்டங்களுக்குள் காட்டு மாடு நடமாட்டம் உண்டு. கண்டால் காரை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். அது நகரும்வரை நில்லுங்கள்.

கிளியூர் அருவிக்கு அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு கோடையில் என் அம்மாவை நான் கூட்டிப் போனேன். இருநூறு படிக்கு மேல் கீழே இறங்கினால், பாறையில் ஈரம்கூட இல்லை. திரும்ப ஏறும்போது ஒவ்வொரு பத்துப் படிக்கும் உட்கார வைத்து, அழாத குறையாக மேலே கொண்டுவந்து சேர்த்தேன். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே தண்ணீர் விழும். ஆக, ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த பிறகு நீங்கள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய்வரலாம். அந்த நேரத்தில் மற்றவர்கள் ஏரிக்கரையில் அண்ணா பூங்காவில் உட்கார்ந்திருக்கட்டும், பஜ்ஜி சூடாகக் கிடைக்கும். கன மழை பெய்து கொண்டிருக்கும் நாளில் மட்டும் மலைப்பக்கமே போக வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் தன்னிஷ்டத்துக்குக் கிளம்பாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். 2024-ல் அரசே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து ஆன்லைனில் பதிவு செய்யும் மலையேற்றத் திட்டத்தைக் கொண்டுவந்தது, சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. உள்ளூர் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருகிறார்கள். மகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் போங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தீக்காலம், அப்போது காட்டுப் பாதையே வேண்டாம்.

மலை அலுத்தால் ஆறு இருக்கிறது. மேட்டூர் அணை எல்லோருக்கும் தெரியும், 1934-ல் கட்டி முடித்தது, பூங்காவும் மீன் வறுவலும் உண்டு. நான் அதைவிட எடப்பாடி தாண்டிப் பூலாம்பட்டியைச் சொல்வேன். கதவணையில் காவிரி கடல்போலத் தேங்கி நிற்கும். இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். விசைப்படகில் ஊர் மக்களோடு சேர்ந்து அக்கரை போய்த் திரும்பலாம். கூடையோடும் சைக்கிளோடும் ஏறுகிறவர்கள் நடுவே உட்கார்ந்து ஆற்றைக் கடப்பதில் கிடைக்கும் சந்தோஷம் ஏற்காட்டுப் படகில் இல்லை. பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடை போட்டுவிட்டுத்தான் ஏற்றுங்கள். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள், ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

சங்ககிரிக் கோட்டை மார்கழி, தை மாதக் காலைக்கு ஏற்றது. தீரன் சின்னமலை 1805-ல் தூக்கிலிடப்பட்ட இடம். வாசல் மேல் வாசலாகத் தாண்டி ஏற வேண்டும், மேலே நிழல் குறைவு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு அமாவாசை தவிர்த்து வேறு நாளில் போனால் அடிவாரம் அமைதியாக இருக்கும், அம்மாவுக்கும் பிடிக்கும்.

கையில் எப்போதும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும், குப்பை போட ஒரு துணிப்பையும் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்து தடை இருக்கிறது, மலைப்பாதையில் சோதனையும் உண்டு. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மலைக் காற்றில் தனி ருசி.

இப்போது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. அதனால் இந்த ஞாயிறு மலையேற வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி மலையில் இடி இடித்து மழை பெய்தால், மறுநாள் காலை ஆறு மணிக்குக் கன்னங்குறிச்சி போங்கள். முதலில் புது ஏரிப் பக்கம். மலையிலிருந்து வரும் செம்மண் தண்ணீர் ஓடையில் சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருக்கும். நேற்று ராத்திரி சேர்வராயன் மலையில் பெய்த மழை இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அப்படியே மூக்கனேரிக் கரைக்கு வந்துவிடுங்கள். மடையான் அங்கேதான் புல்லோரத்தில் உட்கார்ந்திருக்கும்.